கன்று நட ஒரு துண்டு நிலம்

உலக சுற்றாடல் தினமான ஜூன் 5 நெருங்கினால் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் மரக்கன்றும் பதாகையும் தயாராகிவிடும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் முன்னோடிக் குழுவில் சேர்ந்த பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள். வெறும் சடங்கு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிற நேரம் அது; தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே கன்று வேர்விடும். சர்வதேச நாள்காட்டி நமக்குத் தெரியாத்தனமாகச் செய்த உபகாரம்! அதைவிடப் பெரிய நன்மை, ஒரு லயத்துப் பிள்ளை தான் நட்ட மரம் வளர்வதை வருஷக்கணக்கில் பார்க்கக்கூடிய இடம் பாடசாலை வளவுதான் என்பது. லயத்தைச் சுற்றி நாலு பாத்தி மரக்கறி போடலாம், ஆனால் மண் தோட்டத்துடையது. புதிய வீடுகளுக்கும் பேச்சு பல வருஷம் ஏழு பேர்ச் காணியில்தான் நின்றது.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இயற்கையை அறியாத பிள்ளைக்கு அதை அறிமுகம் செய்கிறோம் என்ற நினைப்பில் இந்த நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்கு அது சரி. தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் வருகிற தரம் 4 பிள்ளை, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்திருக்கும். எந்த மரத்தில் குளவிக்கூடு தொங்குகிறது என்று தெரிந்து, அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தும்; கொழுந்து பறிக்கப் போனவர்களைக் குளவி கொட்டிய கதை அதற்குப் புதிதல்ல. ‘சுற்றாடல்சார் செயற்பாடுகள்’ பாடத்தில் இந்த அறிவுக்குப் புள்ளி விழுவது அரிது. அதெல்லாம் படிப்பில் சேராது என்று பிள்ளையும் வாய்திறப்பதில்லை.

குப்பை விஷயம் இன்னும் மோசம். பொலித்தீனை ஓடையில் போடாதே என்கிறோம். பிறகு எங்கே போடுவது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடங்கொடுக்காமல் இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருஷம் குப்பை வண்டி வர வழியில்லாமல் இருந்த லயத்தில் பிள்ளையின் ஒழுக்கத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. காட்டின் கதையும் அப்படித்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை வைப்பதற்கு முன்பே கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டுவந்தது. வெட்டச் சொன்னவர்கள் யார், கூலிக்கு வெட்டியவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் “காட்டைக் காப்போம்” என்று பிள்ளையைக் கோஷம் போடவைக்கிறோம்.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டி, சில நாளில் செத்தது. நாடே பரிதாபப்பட்டது. இத்தகைய கம்பிகளைப் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்குத்தான் வைக்கிறார்கள், சிறுத்தைக்கு அல்ல. ஒரே இரவில் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறிப் போட்டுவிட்டால் அந்த மாதத்துக் கைச்செலவு போச்சு. வீட்டில் அப்பா பன்றியைத் திட்டுவதைக் கேட்கிற பிள்ளை, வகுப்பில் சிறுத்தை படம் வரைந்து பரிசு வாங்குகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொந்த முயற்சியால். பன்றியைத் தடுக்க வேலிக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி அந்தப் பேச்சில் தானாகவே எழும். சித்திரப் போட்டியில் அது எழாது.

ஆகவே கன்று நடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நடுகிற இடத்தை மாற்றச் சொல்கிறேன். பல பாடசாலைகளுக்குப் பீலித் தண்ணீர் மேலே ஏதோ ஒரு ஊற்றிலிருந்து வருகிறது. வேனிலில் அது மெலிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். மேலே தேயிலைக்கு மருந்தடிக்கும் நாள் எது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஊற்றைச் சுற்றி நாட்டு மரங்களை வைத்து, ஜூனில் நட்டதில் எத்தனை அடுத்த ஜூனில் நிற்கிறது என்று அவர்களே கொப்பியில் எழுதிவந்தால், முன்னோடிக் குழுவின் பதக்கத்துக்கு ஒரு கனம் வரும். ஊற்று இருப்பதோ கம்பனிக் காணியில். அதற்கான கடிதத்தை அதிபர் எழுதவேண்டும். தோட்டத் துரை கையெழுத்துப் போடவேண்டும்.