படிகாரம் வரையும் கோடு

படிகாரத்தின் உருகுநிலை 92.5 டிகிரி செல்சியஸ். கொதிநீரின் சூடுகூடத் தேவையில்லை. உப்புகளுக்குள் இது விசித்திரமான எண். சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி வேண்டும். படிகாரத்துக்கு நெருங்கிய உறவான பொட்டாசியம் சல்ஃபேட் 1069 டிகிரி வரை இளகாது. படிகாரம் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் இளகுகிறது? அதன் எடையில் 45.6 சதவீதம் தண்ணீர். கைக்கு உலர்ந்த கல்லாகத் தெரியும் அந்தப் படிகத்தில், ஒரு பொட்டாசியம், ஒரு அலுமினியம், இரண்டு சல்ஃபேட் என்ற கணக்குக்குப் பன்னிரண்டு நீர் மூலக்கூறுகள் உட்கார்ந்திருக்கின்றன. சூடு ஏறிக் கட்டு தளர்ந்ததும் உப்பு தன் சொந்த நீரிலேயே கரைந்துவிடுகிறது. அதைத்தான் நாம் உருகல் என்கிறோம்.

சித்த மருந்து செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. படிகாரத்தைச் சட்டியில் இட்டு அடுப்பில் வைத்தால் முதலில் கண்ணாடிபோல் இளகும். பிறகு கொப்புளம் விட்டுக் கொதிக்கும், பொங்கும், பொங்கியபடியே இறுகி வெள்ளை நுரைக்கட்டியாக நிற்கும். பொரித்த படிகாரம் என்பது அதுதான். எப்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்பதைச் சலசலப்பு அடங்குவதை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆய்வுக்கூடமும் இதே பொரியலைத்தான் செய்கிறது, பத்து மில்லிகிராமை வைத்துக்கொண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு நொடியும் எடை பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கிலிருந்து எழும் கோட்டை ரசிக்கக் கற்றுக்கொண்டால் நேரம் போவது தெரியாது.

எளிய முறையிலிருந்து தொடங்கலாம். ஒரு பக்கம் மூடிய நுண்ணிய கண்ணாடிக் குழாயில், நாங்கள் கேபிலரி என்போம், தூளை இட்டு மேசையில் தட்டித் தட்டி அடியில் இறக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் உயரம் போதும். வெப்பமானியோடு சேர்த்து எண்ணெயில் வைத்து மெல்லச் சூடேற்றினால் தூள் முதலில் குழாயின் சுவரை விட்டு விலகும், ஓரத்தில் ஈரம் மினுங்கும், பிறகு திடீரென்று தெளியும். சுத்தமான படிகாரம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் தெளிந்துவிட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேறு பொருளாக இருந்தால் தூளை நன்றாக உலர்த்து என்பார்கள். படிகாரத்தை அடுப்பில் உலர்த்தினால் உலர்வது ஈரம் மட்டுமல்ல, படிக நீரும் சேர்ந்து போய்விடும். அப்புறம் நாம் சோதிப்பது வேறு ஒரு பொருள். அறைச் சூட்டில், வடிதாளுக்கு நடுவில் வைத்து ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் கைப்பழக்கம்.

அடுத்தது டி.எஸ்.சி. மாதிரிக்கும் ஒரு வெற்றுக் கிண்ணத்துக்கும் ஒரே சூட்டு ஏற்றம் தந்து, இரண்டும் வாங்கிக்கொள்ளும் வெப்பத்தின் வித்தியாசத்தை அளக்கும் கருவி. 1960களின் தொடக்கத்தில் பெர்கின் எல்மர் நிறுவனத்தின் வாட்சனும் ஓ'நீலும் உருவாக்கியது. அதை முதலில் இந்தியம் என்ற உலோகத்தை உருக்கித்தான் சரிபார்ப்பார்கள். 156.6 டிகிரியில், கத்தியால் கீறியதுபோல் ஒரு முகடு வர வேண்டும். அது கூராக விழாத அன்று மற்ற வேலை எதையும் தொடங்காமலிருப்பது நல்லது.

டி.எஸ்.சி.யில் படிகாரத்தின் அழகு மூடியில் இருக்கிறது. மிளகளவு அலுமினியக் கிண்ணத்தில் தூளை வைத்துக் காற்றுப் புகாமல் மூடியை அழுத்தி ஒட்டினால், நீர் வெளியேற வழியில்லை. உருகல் மட்டும் தனியே, 92 டிகிரியை ஒட்டிக் கூர்மையாக விழும். மூடியில் ஊசித்துளை ஒன்று போட்டால் அந்த முகட்டின் வலது தோளில் நீராவியின் மேடு ஒட்டிக்கொண்டு வரும். மூடியே இல்லாமல், உலர்ந்த நைட்ரஜன் ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று நிதானமாகப் போனால், உருகுவதற்கு முன்பே நீரில் கணிசமான பங்கு கிளம்பிப்போய், உருகல் முகடு குறுகி மங்கிவிடும். பொருள் ஒன்றுதான், சூடும் ஒன்றுதான். மூடி மாறினால் கதை மாறுகிறது. உருகுநிலை என்ற எண்ணைக் கல்வெட்டாக நினைப்பவர்களுக்கு இந்த மூன்று வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

எனக்கு மிகவும் பிடித்தது டி.ஜி.ஏ. என்கிற வெப்பத் தராசு. 1915-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் கோதாரோ ஹோண்டா வடிவமைத்தது. பின்னாளில் காந்த எஃகுக்காகப் பெயர் பெற்றவர் அவர்தான். தராசின் ஒரு கையை உலைக்குள் விட்டு, மாங்கனீசு சல்ஃபேட், கால்சியம் கார்பனேட் போன்றவை சூட்டில் எடை இழப்பதைப் பொறுமையாகக் குறித்தார். இன்றைய கருவி மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் பார்க்கும். இருந்தாலும் வேலை அதே வேலைதான்: சூடு ஏறுகிறது, எடை குறைகிறது, கோடு இறங்குகிறது.

படிகாரத்தை அதில் ஏற்றினால் 60, 70 டிகிரியிலேயே கோடு சாயத் தொடங்கும். 92-இல் உருகும்போது எடையில் எந்தத் தடயமும் இருக்காது. உருகும் பொருள் எதையும் இழப்பதில்லை. தராசுக்கு அது கண்ணில் படாத நிகழ்ச்சி. அதனால்தான் டி.எஸ்.சி.யும் டி.ஜி.ஏ.வும் ஒன்றில்லாமல் ஒன்று அரைகுறை. அதன் பிறகு கோடு செங்குத்தாக விழும். நூறைத் தாண்டியதும் சில சமயம் கோட்டில் சிறு சிறு பற்கள் தெரியும். உருகிய படிகாரம் கொப்புளித்துத் தெறிக்கிறது, ஒரு துளி கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஐந்து மில்லிகிராமாகக் குறைத்து, ஆழமான கிண்ணத்தில் மறுபடி வைத்தால் கோடு வழவழப்பாக வரும்.

அந்த இறக்கம் கடைசிவரை ஒரே வேகத்தில் இருப்பதில்லை. பாதிக்கு மேல் போனபின் வால்போல் நீண்டு, 200 டிகிரியைத் தாண்டித்தான் அடங்கும். காரணம் படிகத்தின் அமைப்பில் இருக்கிறது. பன்னிரண்டு நீரில் ஆறு பொட்டாசியத்தைச் சுற்றியும் ஆறு அலுமினியத்தைச் சுற்றியும் நிற்கின்றன. பொட்டாசியத்தின் பிடி தளர்ச்சியானது. மூன்று மின்னூட்டம் கொண்ட குட்டி அலுமினியம் தன் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சட்டியில் பொரிப்பவர் சலசலப்பு அடங்க நெடுநேரம் காத்திருப்பதும் இந்தக் கடைசி நீருக்காகத்தான். எடை மாறும் வேகத்தைத் தனிக்கோடாக வரைந்தால் முகடுகளும் தோள்களுமாக இந்தப் பிரிவினை இன்னும் தெளிவாகத் தெரியும்.

பிறகு வரும் சமதளம்தான் வெப்ப உறுதி. நீரெல்லாம் போன உப்பு, 54.4 சதவீத எடையோடு, நானூறு, ஐந்நூறு டிகிரியிலும் அசையாமல் நிற்கும். பழகிய கண் இங்கேயும் சும்மா இருக்காது. சமதளம் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்தால் உப்பு எடை கூடிவிட்டதாக மயங்கக் கூடாது. சூடேறிய வாயு அடர்த்தி குறைந்து, கிண்ணத்தைத் தாங்கும் விசையும் குறைவதால் வரும் தோற்றம் அது. வெற்றுக் கிண்ணத்தை ஒருமுறை தனியே ஓட்டி அந்தக் கோட்டைக் கழித்துவிட்டால் தளம் நேராகும். இந்த வெற்றோட்டத்துக்குச் சோம்பல் படாதவரே நல்ல ஆய்வாளர் என்பது என் கட்சி.

எழுநூறை ஒட்டியோ தாண்டியோ இரண்டாவது இறக்கம். அலுமினியத்தோடு சேர்ந்திருந்த சல்ஃபேட் உடைந்து சல்ஃபர் டிரை ஆக்சைடு புகை கிளம்பும், இன்னும் 25.3 சதவீதம் எடை போகும். இதற்கு அலுமினியக் கிண்ணம் உதவாது, 660 டிகிரியில் கிண்ணமே உருகிவிடும். அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, கொண்டு செய்த கிண்ணம் வேண்டும். அந்த அமிலப் புகை தராசின் பக்கம் ஏறாதபடி வாயு ஓட்டமும் வேண்டும். எல்லாம் முடிந்தபின் மீதி 29.1 சதவீதம்: பொட்டாசியம் சல்ஃபேட்டும் அலுமினாவும்.

இந்த மீதிதான் பரம்பரையைச் சொல்லும். படிகாரம் என்ற பெயரில் அம்மோனியப் படிகாரமும் விற்பனைக்கு வருகிறது. கண்ணால் பார்த்தாலும் நாக்கில் வைத்தாலும் வித்தியாசம் பிடிபடாது. அதுவும் 94 டிகிரியை ஒட்டித்தான் உருகும். கேபிலரியை நம்பினால் ஏமாந்துபோவோம். முதல் இறக்கமும் 47.7 சதவீதம், ஏறக்குறைய அதே அளவு. ஆனால் அதன் சமதளம் அற்பாயுசு. பொட்டாசியப் படிகாரம் அசையாமல் நிற்கும் சூட்டிலேயே அம்மோனியா பிரியத் தொடங்கி, கடைசியில் வெறும் 11.2 சதவீதம் அலுமினாவோடு கணக்கு முடிந்துவிடும். அந்த அலுமினா மிகத் தூய்மையானது, பஞ்சுபோல் மென்மையானது. 1902-இல் வெர்னுவில் என்பவர் அறிவித்த சுடர் முறையில் செயற்கை மாணிக்கம் செய்ய, அம்மோனியப் படிகாரத்தை இப்படிச் சுட்டெடுத்த தூளைத்தான் பயன்படுத்தினார்கள். பழைய கைக்கடிகாரங்களுக்குள் இருக்கும் சிவப்புக் கற்கள் பல அந்த வழியில் பிறந்தவை.

ஆய்வுக்கூடத்தில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்தின் அடியில் எத்தனை மில்லிகிராம், எந்தக் கிண்ணம், மூடி உண்டா, என்ன வாயு, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி என்ற ஐந்தையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். இரண்டு டிகிரி வேகத்திலும் இருபது டிகிரி வேகத்திலும் ஓட்டிய கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. வேகமாக ஓட்டியது எப்போதும் வலப்பக்கம் தள்ளித்தான் நிற்கும். அந்த ஐந்து குறிப்பும் இல்லாவிட்டால், எவ்வளவு அழகான கோடாக இருந்தாலும், அதைப் படிகாரத்தின் கோடு என்று யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.