கடைசிக் கம்பியை வென்ற கருவி

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவினரும் 1990களில் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி எனக்கு மிகவும் பிடித்த கருவி. அன்று தொலைபேசி இணைப்பில் பெருஞ்செலவு வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுப்பதுதான். அந்தக் கடைசிக் கம்பிக்கே இது வேலையில்லாமல் செய்தது.

நடுவில் ஓர் உயர்ந்த கோபுரம். சுற்றிலும் வீட்டுக் கூரைகளில் சிறு ஆன்டெனா. இடையில் மறைப்பு இல்லையென்றால் 10 கிலோமீட்டர் வரை எட்டும். இதன் அழகெல்லாம் பங்கீட்டில் இருக்கிறது. நொடியில் நூறில் ஒரு பங்கை 24 துண்டுகளாக்கி, 12இல் கோபுரம் பேசும். 12இல் வீடுகள் பேசும். முறை வைத்து ஏரித் தண்ணீர் பாய்ச்சுவதுபோல ஒவ்வோர் அழைப்புக்கும் அதற்குரிய முறை. குறுக்கீடு குறைந்த அலைவரிசை எது என்பதை வீட்டுக் கருவியே ஆராய்ந்து தேர்ந்துகொள்ளும்.

தொலைபேசியில் பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். பேச்சு இல்லாதபோது 70. இன்று அது சொற்பம். ஆனால், மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களின் இணைய மையங்களிலிருந்து நோயாளிகளின் கண் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனது இந்த இணைப்பில்தான். மருத்துவர் யோசனை ஊருக்கே வந்துசேர்ந்தது.

எவ்வளவு வேகம் என்பதற்கு முன்னால், எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும் என்று கேட்ட பொறியியல் இது. அந்தக் கேள்விக்காகவே இதைக் கொண்டாட வேண்டும்.