கம்பத்து எண்ணும் கழுகுக் கண்ணும்

ஓடும் ரயிலின் புகைப்படம் ஒன்று கிடைத்தால் போதும். எந்த இடம், எந்தப் பக்கம் போகிற வண்டி என்று ரயில் ரசிகர்கள் அலசிப் பிழிந்துவிடுவார்கள்.

பின்னணியில் காற்றாலைகள் வரிசைகட்டி நின்றால் ஆரல்வாய்மொழிப் பக்கம். வளைவு வளைவாகக் கல் பாலமா? செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையின் பதிமூன்று கண் பாலம். இதெல்லாம் பாலபாடம்.

வாக்குவாதம் சூடுபிடிப்பது எட்டிமடை–வாளையார் காட்டில்தான். அங்கே ஏ, பி என இரண்டு தடங்களும் பிரிந்து தனித்தனியே ஓடுகின்றன. பி தடம் காட்டுக்குள் அதிகம் நுழைவது. யானைகள் அடிபட்ட சோகமும் அந்தப் பகுதிக்கு உண்டு. படத்தில் வெறும் மரமும் மலையும்தான் என்றால், மலை எந்தக் கைப்பக்கம், நிழல் எங்கே விழுகிறது என்றெல்லாம் துருவ வேண்டும். மின்கம்பத்துத் தகடு கண்ணில் பட்டுவிட்டால் வழக்கு முடிந்தது: மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை எண்.

இன்ஜினை நம்பி மட்டும் இடம் சொல்லக் கூடாது. பக்கவாட்டில் ‘ஈரோடு’ என்றிருந்தால் அது பராமரிக்கும் ஷெட்டின் பெயர்; வண்டி டெல்லிப் பக்கம்கூட நிற்கலாம். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

படமெடுக்க ஆசையா? பிளாட்பாரத்தில் நின்று எடுங்கள். தண்டவாளத்தில் அத்துமீறி இறங்கினால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.