முதல் ஆல்பம்: த்ராஷ் மெட்டலும் தெக்கத்திப் பையன்களும்

குமரி மாவட்டத்து இரணியல் ஸ்டேஷனிலிருந்து திருவனந்தபுரம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். 1956 நவம்பர் வரை எங்களுக்குத் தலைநகரம் அது. த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக ராக் இசையின் கணக்கில் பார்த்தால் இன்றைக்கும் அதுதான். அந்த நகரத்துக் கேயாஸ் குழு 2013இல் ‘வயலன்ட் ரிடெம்ப்ஷன்’ என்ற தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஐந்தாண்டு கழித்து, அதே கேரளத்தின் அமோர்ஃபியா என்ற மூவர் குழு ‘ஆர்ம்ஸ் டு டெத்’தைக் கொண்டுவந்தது. இரண்டும் முதல் ஆல்பம்தான், இரண்டும் த்ராஷ்தான். ஆனால் கேயாஸ் கனமாக மிதித்து நடக்கிறது. அமோர்ஃபியாவோ எண்பதுகளின் நடுவில் காலூன்றிக்கொண்டு, அதற்குப் பின் வந்த எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவே மறுக்கிறது. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது?

இந்த இசையின் தொடக்கமே பையன்களின் முதல் ஆல்பங்கள்தான். 1983 ஜூலையில் மெட்டாலிகாவின் ‘கில் எம் ஆல்’, டிசம்பரில் ஸ்லேயரின் ‘ஷோ நோ மெர்சி’. 1985இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்திலிருந்து கிரியேட்டரின் ‘எண்ட்லெஸ் பெயின்’. எஸ்ஸன் இருக்கும் அந்த நிலக்கரிப் பகுதியிலேயே சுரங்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞர்தான் சோடம் குழுவை நடத்தினார். அந்த ஆண்டே பிரேசிலின் பெலோ ஹொரிசாண்டேயில் செபுல்டுரா பையன்கள் இரண்டே நாளில் தங்கள் முதல் பதிவை முடித்தார்கள். பாடியவருக்கு வயது பதினாறு. டிரம்ஸ் வாசித்த தம்பி அவரைவிடச் சின்னவர். டெத் ஏஞ்சல் இன்னும் விசேஷம். சான் பிரான்சிஸ்கோ பக்கத்துப் பிலிப்பைன்ஸ் வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் உறவுக்காரப் பையன்கள் சேர்ந்த குழு அது. 1987இல் வெளிவந்த ‘தி அல்ட்ரா வயலன்ஸ்’ பதிவானபோது டிரம்மருக்குப் பதினான்கு வயது.

இந்தப் பதிவுகளின் கரடுமுரடு பெரும்பாலும் காசில்லாமையிலிருந்து வந்தது. ஸ்டுடியோவுக்கு வாடகை ஏறிக்கொண்டே போகும். டேப்பில் பதிந்ததைத் திருத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. விதிவிலக்கும் உண்டு. 1986இல் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’டைத் தயாரித்த ரிக் ரூபின், அந்தக் காலத்து மெட்டல் ஆல்பங்களில் குளம்போல் தேங்கிக் கிடந்த எதிரொலியை வேண்டுமென்றே வழித்தெறிந்தார். பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம். அந்த வறட்சிக்குக் காரணம் துணிச்சல். பிற்காலத்துப் பழைய பாணிக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆல்பம்தான் பாடப்புத்தகம்.

இன்றைக்கு ஒரு லேப்டாப் போதும், வீட்டறையே ஸ்டுடியோ. சிக்கலும் அங்கேதான். டிரம்மர் அடித்த ஒவ்வொரு அடியையும் எடுத்துவிட்டு, முன்பே பதிந்து வைத்த சுத்தமான ஓர் அடியை மென்பொருளால் அதே இடத்தில் உட்காரவைக்கலாம். கேட்டால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பரீட்சை நடப்பதுபோல இருக்கும். கிட்டாரிலும் இதே கதை. தடித்த தந்தியை வலது உள்ளங்கையின் விளிம்பால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிக்கை மேலிருந்து கீழாக மட்டுமே அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு இருநூறு தாளத்தைத் தாண்டினால் மணிக்கட்டு கெஞ்சும். ரிஃப் எனப்படும், திரும்பத் திரும்ப வரும் ஒரே கிட்டார் துணுக்கை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்தச் சுவர் போன்ற தடிமன் அதனால்தான் வருகிறது. ஒன்றை வாசித்து மற்றதை நகலெடுத்து ஒட்டினால் சுவர் இடிந்துவிடும். கை வலிக்க வாசித்திருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஜாக்கெட்டில் தைத்த பேட்ச்சுகளும் அணுகுண்டு வெடிக்கும் அட்டைப்படமும் அப்புறம்.

2007, 2008 வாக்கில் மேற்கே ஒரு பழைய பாணி அலை அடித்தது. இங்கிலாந்தின் ஈவைல் தன் முதல் ஆல்பமான ‘என்டர் தி கிரேவ்’வுக்காக, மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ஸில் பணியாற்றிய ஃப்ளெமிங் ராஸ்முசனையே தேடிப்போனது. நல்ல வாசிப்புதான், ஆனாலும் அந்த அலையில் பாதி மாறுவேடப் போட்டி என்றே எனக்குப் படுகிறது.

நம் பக்கத்துக் கதை வேறு. பெங்களூரின் கிரிப்டோஸ் 1998இல் தொடங்கி, முதல் ஆல்பமான ‘ஸ்பைரல் அசென்ட்’டை 2004இல்தான் கொண்டுவர முடிந்தது. 2013இல் அது ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையும் ஏறியது. மெகாடெத் 2008லும் மெட்டாலிகா 2011லும் ஸ்லேயர் 2012லும் பெங்களூர் வந்துபோயின. கண்ணூரின் தி டவுன் டிராடன்ஸ் 2014இல் வெளியிட்ட முதல் ஆல்பம் வடமலபார் நாட்டார் இசையை உள்ளே இழுத்துக்கொண்டது. அமோர்ஃபியா அப்படி எதையும் சேர்க்கவில்லை. மண்வாசனை இல்லையே என்று குறைப்படுவோர் உண்டு. மண்வாசனைக்காகச் செண்டையைக் கொண்டுவந்து ஒட்டாததே அதன் கண்ணியம் என்பேன்.

தமிழர் பங்கு என்று தேடினால் சிங்கப்பூருக்குத்தான் போகவேண்டும். 1992இல் அங்கே உருவான ருத்ரா, தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை 1998இல் வெளியிட்டது. டெத் மெட்டலும் த்ராஷும் கலந்த இசை. பாட்டு ஆங்கிலத்தில், நடுநடுவே சமஸ்கிருத மந்திரங்கள். தமிழில் உறுமும் த்ராஷ் ஆல்பம் எதையும் நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் இரணியல் வட்டாரத்தில் வாசிக்கும் கைக்குப் பஞ்சமில்லை. கோயில் கொடைகளில் சிங்காரி மேளத்தின் வேகத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இங்கே உண்டு. கிறிஸ்தவச் சபைகளில் கிட்டாரும் கீபோர்டும் டிரம்ஸும் பழகியவர்கள். டிசம்பர் காரல் ரவுண்ட்ஸில் நள்ளிரவு வரை சளைக்காமல் வாசிப்பவர்கள். இல்லாதது இடம்தான். டிரம்ஸை முழுச் சத்தத்தில் அடித்துப் பழக ஊரில் சபைக் கட்டடத்தை விட்டால் வேறு போக்கில்லை. அங்கே, இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை அடிக்க உதவும் டபுள் பெடலைக் கொண்டுபோய் வைக்கச் சபைக் கமிட்டியிடம் முதலில் யார் போய்க் கேட்பது என்பதில்தான் பையன்கள் தயங்குவார்கள்.