ராமானுஜன் அட்டவணையில் விட்டுப்போன ஓர் எண்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த 70 கொஞ்சம் விசித்திரமான எண். தன்னைத் தவிர்த்த காரணிகள் 1, 2, 5, 7, 10, 14, 35. மொத்தமா கூட்டினா 74, அதாவது 70-ஐ மிஞ்சுது. ஆனா அதுல எதை எதைப் பொறுக்கிக் கூட்டினாலும் சரியா 70 வராது. இந்த இனத்தில் மிகச் சிறியது இதுதான். இப்படி எண்களை இனம் பிரிக்கிறது வெறும் பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்க ராமானுஜனோட ஒரு கட்டுரையைப் பார்க்கணும்.

மலைக்குக் கீழே நாமக்கல்லில் இருக்கும் நாமகிரித் தாயார் அவர் குடும்பத்தின் குலதெய்வம். நம்ம ஆட்கள் அவரைப் பற்றி எழுதினா, பெரும்பாலும் தாயார் கனவில் சொன்னாள் என்பதோடு நிறுத்திக்கிறாங்க. அவர் அப்படி நம்பினார், அதுல தகராறு இல்லை. ஆனா 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்த உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரை அந்தக் கதைக்குள் அடங்காது.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்ணையும்விட அதிகக் காரணிகள் இருந்தா அது உயர் பகு எண். 12-க்கு ஆறு காரணிகள். அதுக்குக் கீழே எதுக்கும் ஆறு கிடையாது. இப்படி 102 எண்களை ராமானுஜன் பட்டியல் போட்டிருக்கார். கடைசி எண் 6746328388800. இதுக்குக் காரணிகள் 10080. கால்குலேட்டர் இல்லாத காலம், ஞாபகம் இருக்கட்டும்.

அந்தப் பட்டியலில் ஒண்ணு விட்டுப்போச்சு: 293318625600. பிரிச்சா 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகளோட ஒவ்வொன்றைக் கூட்டிப் பெருக்கினா, 7 × 5 × 3 × 3 × 16, காரணிகள் 5040. பட்டியலில் அதுக்கு முந்தின 195545750400-க்கு 4608தான். வேடிக்கை என்னன்னா, விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்குங்க. பட்டியலின் கடைசி எண்ணே வரும்!

எனக்கு இந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கனவில் வந்த பட்டியலில் ஓட்டை விழுமா? இது ஒவ்வொண்ணா பெருக்கி, ஒப்பிட்டு, அடிச்சுத் திருத்தி உட்கார்ந்து செஞ்ச வேலை. சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுதின கை அல்லவா. பட்டியலைத் தாண்டி அவர் நிறுவியது இன்னும் அழகு: இந்த எண்களில் பகா எண் பெரிசாக ஆக அடுக்கு ஏறவே ஏறாது, 4, 36 இரண்டைத் தவிர எல்லாத்திலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1. மேலே பிரிச்சுக் காட்டியதில் பாருங்க: 6, 4, 2, 2, அப்புறம் எல்லாம் 1.

கட்டுரை நீளம்தான், சில பகுதிகள் அலுக்கும். அப்படியும் முழுசா அச்சாகலை. போர்க்காலப் பணமுடையில் கழகம் பின்பாதியை விட்டுடுச்சு. அது 1997-ல்தான் வெளிவந்தது. ரீமான் கருதுகோள் உண்மைன்னு வெச்சுக்கிட்டு, ஒரு எண்ணின் காரணிகளோட கூட்டுத்தொகை எவ்வளவு பெரிசாகலாம்னு அதில் கணக்குப் போட்டிருக்கார். 1984-ல் கய் ராபின் நிறுவிய புகழ்பெற்ற தேற்றமும் அதே கூட்டுத்தொகை பற்றித்தான். அந்தத் தேற்றத்தின் நிபந்தனை 5040-க்கு மேற்பட்ட எண்களுக்குத்தான் பொருந்தும். அந்த 5040-ம் ராமானுஜன் பட்டியலில் இருக்கு.