மாற்றிப் பார்க்கும் வைத்தியம்

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரைகளில் அவுட்போர்டு மோட்டார் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. கயிற்றை எத்தனை முறை இழுத்தும் என்ஜின் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி, என்ஜின் உடலில் வைத்து, மறுபடி இழுத்துப் பார்ப்பார்கள். பொறி இல்லையென்றால் ‘கரண்ட் வரல’ என்று முடிவு. பிறகு கையிருப்பில் உள்ள நல்ல பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டுவார்கள். முதலில் பிளக், அடுத்து காயில், அதற்கடுத்து சி.டி.ஐ. பெட்டி. எதை மாட்டியதும் என்ஜின் கிளம்புகிறதோ, அதற்கு முன் அந்த இடத்தில் இருந்ததே குற்றவாளி. விசாரணையும் தீர்ப்பும் ஒன்றாகவே முடிந்துவிடும்.

மீட்டரும் கையேடும் வைத்து வேலை செய்யப் பழகியவர்களுக்கு இது அரைகுறை வேலையாகத் தோன்றும். ஆனால் அவ்வளவு எளிதாக இதைத் தள்ளிவிட முடியாது. மாலையில் வலை ஏற்றி, ஐஸ் வாங்கி, மண்ணெண்ணெய் ஊற்றி நிற்கும் ஃபைபர் படகுக்கு அன்றைய இரவு போனால் போனதுதான். படகில் போகும் மூன்று நான்கு பேரின் கூலியும் அதோடு போகும். கால் மணி நேரத்தில் படகைக் கடலில் இறக்கிவிடும் முறைக்கு அங்கே மதிப்பு இருப்பது நியாயமே.

தொழில்நுட்பமும் இந்த வழக்கத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. சி.டி.ஐ. என்ஜினில் பிளைவீலின் காந்தம் சுழலும்போது அடியில் இருக்கும் சார்ஜ் காயில் ஏறத்தாழ 200, 300 வோல்ட் மின்சாரத்தைத் தருகிறது. பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி அதைச் சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் சைகை கொடுத்ததும் அத்தனையும் ஒரே வீச்சில் இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருகிப் பிளக்கில் பொறியாகிறது. இந்த வீச்சு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால் சாதாரண மல்டிமீட்டரால் அதைப் பிடிக்க முடியாது; உச்ச வோல்ட்டைக் காட்டும் தனி அடாப்டர் வேண்டும். பெட்டியோ எபாக்சி ஊற்றி மூடப்பட்டது. திறந்து பார்க்க வழியில்லை. காயிலின் ஓம் அளவைப் பார்க்கலாம் என்றால், குளிர்ந்திருக்கும்போது சரியான எண்ணைக் காட்டிவிட்டு, சூடேறியதும் காலை வாரும் காயில்கள் உண்டு. மற்றதெல்லாம் சரி என்று உறுதியானபின் சி.டி.ஐ. பெட்டியை மாற்றிப் பார்ப்பது படித்த மெக்கானிக்கும் செய்வதுதான். அந்த இடத்தில் மாற்றிப் பார்ப்பதே சோதனை.

சிக்கல் எங்கே என்றால், மூடிய பெட்டி கற்றுக்கொடுத்த இந்தப் பழக்கத்தை என்ஜின் முழுவதற்கும் நீட்டியதில். பழுது என்றால் ஏதோ ஒரு பாகம் செத்திருக்க வேண்டும் என்று இந்த முறை முன்கூட்டியே நம்பிவிடுகிறது. பத்து, இருபது ஆண்டு உப்புக்காற்றில் நின்ற என்ஜினில் பாகங்களைவிட இணைப்புகளே முதலில் கெடுகின்றன. செம்புக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பூத்துப் பொடியாகும். எர்த் கம்பியின் போல்ட்டுக்கு அடியில் அலுமினியம் வெள்ளையாக அரித்திருக்கும். ஸ்டாப் சுவிட்சின் கம்பி மூடியின் விளிம்பில் உரசி உரசித் தோலுரிந்திருக்கும்.

ஸ்டாப் கம்பி தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். இந்த என்ஜின்களில் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. பொறியாக வேண்டிய மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிட்டுத்தான் என்ஜினை நிறுத்துகிறது. அதனால் அந்தக் கம்பி எங்காவது உலோகத்தைத் தொட்டாலோ, சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தாலோ, என்ஜின் நிரந்தரமாக ‘நிறுத்திய’ நிலையிலேயே இருக்கும். காயில் புதிது, பெட்டி புதிது, பிளக் புதிது, பொறி மட்டும் வராது. இணைப்பைப் பிரித்து அந்த ஒரு கம்பியை விலக்கிவிட்டு இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பைசா செலவில்லாத சோதனை. அதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. விற்க ஒரு பாகம் இல்லாத பழுதுக்குக் கடையில் மரியாதை குறைவு.

இதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. ஒரு காயிலை மாற்றும்போது என்ன நடக்கிறது? போல்ட் கழல்கிறது, எர்த் முனை சுரண்டப்படுகிறது, இணைப்பு பிரிந்து மீண்டும் இறுகப் பொருந்துகிறது. பழுது அந்த இணைப்பில்தான் இருந்தது என்றால், புதிய காயில் மாட்டியதும் என்ஜின் கிளம்பிவிடும். பாராட்டு புதிய காயிலுக்குப் போகும். நல்ல காயில் குப்பைக்குப் போகும். சில வாரங்களில் அதே இணைப்பு மறுபடி அரிக்கும்போது ‘டூப்ளிகேட் காயில், அதான் போயிடுச்சு’ என்ற பேச்சு கிளம்பும். டூப்ளிகேட் பாகங்கள் சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் தலையில் விழும் பழி எல்லாம் அவை சம்பாதித்தது என்று நான் நம்பவில்லை.

பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட் வைத்த பழைய என்ஜின்களில் இந்த வைத்தியம் இன்னும் மோசமாகத் தோற்கிறது. அங்கே எதுவும் மூடிய பெட்டி இல்லை. பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் கன்டென்சரைச் சந்தேகிக்கலாம். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்கலாம். பழைய ஜான்சன், எவின்ரூட் என்ஜின்கள் பலவற்றுக்கு அது 0.020 அங்குலம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். பல மாதம் கிடப்பில் இருந்த என்ஜினில் பெரும்பாலும் பாயிண்ட் முகத்தில் படிந்த மெல்லிய படலமே குற்றவாளி. சுத்தமான தடித்த காகிதத்தை நடுவில் வைத்து இழுத்தாலே போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் துகள் அங்கேயே தங்கிவிடும். இப்படிக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய என்ஜினில் அசல் காயிலைக் கழற்றி எறிவது வீண். பல மாடல்களுக்கு அசல் பாகம் வருவதே நின்றுவிட்டது.

பாயிண்டைத் தொட வேண்டுமென்றால் பெரும்பாலான மாடல்களில் பிளைவீலைக் கழற்ற வேண்டும் என்பது உண்மையான இடைஞ்சல். அதைக் கழற்றும் புல்லர் கருவி இல்லாத இடத்தில் சுத்தியல் பேசும். அந்த அடியில் காந்தம் விரிசல் விடலாம், கிராங்க் பாதிக்கப்படலாம். பிளைவீலை இடம் மாறாமல் பிடித்திருக்கும் சிறிய கீ வெட்டுப்பட்டிருந்தால் பொறி பளிச்சென்று வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும். கயிறு கையைத் திருப்பி இழுக்கும். இதற்கு மாற்றிப் பார்க்க எந்தப் பெட்டியும் கிடையாது.

மண்ணெண்ணெய் என்ஜின் இன்னொரு வகையில் ஏமாற்றும். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். கரைக்கு வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் மறுநாள் பிளக் நனைந்து, கரி பிடித்து, பொறி செத்துக் கிடக்கும். பார்ப்பதற்கு இக்னிஷன் பழுது போலவே இருக்கும். புதிய பிளக் போட்டதும் சரியாகும், அதே பழக்கம் தொடர்ந்தால் அடுத்த வாரமும் அதே கதை. இதில் பிளக்கின் சூட்டு எண்ணையும் கவனிப்பவர் குறைவு. என்.ஜி.கே. பிளக்கில் எண் குறையக் குறைய முனை அதிகச் சூட்டில் நின்று கரியை எரிக்கும். கடையில் இருந்ததை வாங்கி மாட்டினால் போதாது. கையேடு சொல்லும் எண்ணே வேண்டும்.

மாற்றிப் பார்ப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதன் இடம் வரிசையின் கடைசி. ஸ்டாப் கம்பியை விலக்கிப் பார்ப்பது, எர்த் முனைகளைச் சுரண்டி இறுக்குவது, பிளக்கையும் எரிபொருளையும் பார்ப்பது, காயில்களை ஓம் மீட்டரில் வைப்பது, இவ்வளவும் முடிந்தபின் புதிய பாகம் வரட்டும். அப்போதும் மெக்கானிக் அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள்: புதிய பாகத்தில் என்ஜின் கிளம்பியதும் காசை வாங்குவதற்கு முன், பழையதை ஒருமுறை திரும்ப மாட்டி இழுத்துப் பாருங்கள். அதிலும் கிளம்பினால், படகுக்காரரிடம் இணைப்பைச் சுத்தம் செய்த கூலியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.