கோல் மூன்று: கடலைப் பார்த்து நிற்பவன்

எமது இளங்கவிஞர்கள் சிலரின் கவிதைகளில் டாரட் சீட்டுகள் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. தலைகீழாகத் தொங்குபவன், இடிவிழுந்த கோபுரம், சுழலும் சக்கரம் என்று படிமங்கள் வரிசையாக வருகின்றன. இவற்றை 'ஆழமான குறியீடுகள்' என்று மெச்சுவோரும் உள்ளனர். ஒரேயொரு சீட்டை எடுத்து, அந்த ஆழம் எத்தனை முழம் என்று அளந்து பார்க்கலாம் என எண்ணுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது 'கோல் மூன்று' என்னும் சீட்டு. புகழ்பெற்றவற்றுள் ஒன்றல்ல இது. ஆயினும் எலியட்டின் 'பாழ்நிலம்' படித்தவர்கள் இதை ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். மேடான நிலத்தின் விளிம்பில் ஒருவன் எமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். அவனைச் சூழ மூன்று கோல்கள் நிலத்தில் ஊன்றப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றை அவன் கை பற்றியிருக்கிறது. கோல்களில் இலைகள் துளிர்த்திருக்கின்றன. எதிரே மஞ்சள் நிறக் கடல்வெளியில் சிறிய பாய்க்கப்பல்கள். அவனது முகம் எமக்குத் தெரியாது.

இந்தச் சித்திரம் ஆயிரமாண்டுப் பழைமை உடையதென்று எண்ணினால் ஏமாந்து போவோம். 1909இல் இலண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டுக்காக, வெயிட் என்பவரின் வழிகாட்டலில் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் வரைந்தது இது. அதற்கு முன்னர் புழக்கத்திலிருந்த பெரும்பாலான கட்டுகளில் இந்த எண்ணுக்குரிய சீட்டில் ஆளுமில்லை, கடலுமில்லை. வெறுமனே மூன்று கோல்கள் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கும்.

அந்தக் கோல்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் விடயம் எம் பக்கம் திரும்புகிறது. இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் எகிப்தின் மம்லூக் காலப் பாணியிலான சீட்டுக்கட்டொன்று இருக்கிறது. எல். ஏ. மேயர் என்ற ஆய்வாளர் 1939இல் அதைப் பற்றி எழுதினார். 52 சீட்டுகளில் 47 எஞ்சியுள்ளன. கிண்ணம், நாணயம், வாள், ஜவ்கான் என நான்கு இனங்கள். ஜவ்கான் என்பது குதிரையிலிருந்து பந்தடிக்கும் கோல். இன்று போலோ என்கிறோமே, அந்த ஆட்டத்தின் கோல். மன்னர் சீட்டில்கூட உருவம் கிடையாது. மலிக், நாயிப் மலிக், தானி நாயிப் என்று பதவியின் பெயர் மட்டும் அழகிய எழுத்தில் இருக்கும். பதினான்காம் நூற்றாண்டில் சீட்டுகள் ஐரோப்பாவை எட்டின. 1377இல் புளோரன்ஸ் நகரம் 'நாயிபி' என்ற பெயரைச் சொல்லியே அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தியது. எமது நாயிப்தான் அந்த நாயிபி. போலோ தெரியாத கைகள் ஜவ்கானைத் தடியாக்கின. பிற்காலத்துக் கைகள் அந்தத் தடிக்கு இலையும் துளிரும் வைத்தன. பந்தடிக்கும் கோல் துளிர்த்ததை உயிராற்றலின் குறியீடு என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள்!

இதைவிட வேடிக்கையானது 1781இல் நடந்தது. கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், டாரட் என்பது பண்டைய எகிப்தியக் குருமாரின் மறைநூல் என்று எழுதினார். ஆதாரம் எதுவுமில்லை. சீட்டைக் கொண்டு குறிசொல்லும் மோகம் அதன் பின்னரே பரவியது. அதுவரை அது ஆடுவதற்கான கட்டு. அவர் பிர்அவ்னின் எகிப்தைத் தேடினார். வழி வந்ததோ மம்லூக்குகளின் எகிப்திலிருந்து.

சூதாட்டமும் அம்புகளால் குறிபார்த்தலும் அல்மாயிதாவின் 90ஆவது வசனத்தில் அருகருகே விலக்கப்பட்டுள்ளன. சீட்டின் கதை முன்னையதிலிருந்து பின்னையதற்குப் போன கதை. ஆகவே எம்மவர் ஒருவர் நாளையை அறியச் சீட்டெடுப்பதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒரு சித்திரத்தைச் சித்திரமாகப் படிப்பது வேறு. அதையும் விலக்க வேண்டுமென்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. 'கோல் மூன்று என்றால் முயற்சி, வியாபாரம்' என்று அகராதி பார்த்துக் கவிதையில் செருகுபவரும், கூண்டுக்கிளி எடுத்துத் தரும் அட்டைக்கு மனப்பாடப் பலன் சொல்பவரும் செய்வது ஒரே வேலைதான். கிளிக்காரருக்காவது அது வயிற்றுப்பாடு.

எலியட் அப்படிச் செய்யவில்லை. 1922இல் வந்த கவிதையின் குறிப்புகளில், டாரட் கட்டின் சரியான அமைப்பு தமக்குத் தெரியாதென்றும், மூன்று கோல்களுடைய மனிதனைத் தம் இஷ்டப்படியே மீனவ அரசனோடு இணைத்ததாகவும் ஒளிக்காமல் எழுதினார். காயமுற்ற அரசன், அவனால் பாழ்பட்ட நிலம். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. அந்த இணைப்புப் பிடிக்கவில்லை. சீட்டில் நிற்பவன் அரசனல்லன், வணிகன். அந்தக் கப்பல்களும் அவற்றிலுள்ள சரக்கும் அவனுடையவை என்று வெயிட்டே விளக்கியிருக்கிறார். எலியட் அவனை அரசனாக்கிவிட்டார். அதே கவிதையில் உண்மையான வணிகனாக வரும் ஸ்மிர்னா நகரத்தவனோ சவரம் செய்யாத முகத்தோடு அருவருப்பான பாத்திரமாக வந்து போகிறான். கிழக்கத்திய வணிகன் மீதான ஐரோப்பிய இளக்காரம் அதில் இல்லையென்று சொல்ல முடியாது. நபிகளார் (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள் என்று அறிந்த நாம் அந்த இளக்காரத்தையும் சேர்த்து இரவல் வாங்க வேண்டியதில்லை.

அப்படியாயின் இந்த வணிகனை நாம் எப்படிப் படிப்பது? வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கரையில் நின்றால் தூரத்தே கப்பல்கள் தெரியும். கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகம் பக்கத்து வீடு மாதிரி. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா கொழும்பையும் கண்டார். ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர்களை வைத்திருந்த, கடலின் அதிபதியான ஜாலஸ்தி என்பவனைப் பற்றி எழுதினார். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் மம்லூக்குகளின் கெய்ரோவில் இருந்தவர். ஜவ்கான் வந்த கடல்வழியும் எமது மூதாதையர் ஏலமும் கறுவாவும் ஏற்றிய கடல்வழியும் ஒரே வலைப்பின்னலின் இழைகள்.

பின்பு அந்தக் கடல் எம்மிடம் இருக்கவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுள் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கப்பலோட்டியவர்களின் பேரர்கள் வயல் உழுதார்கள். கிழக்கின் கிராமங்களில் பலவற்றில் இந்த நினைவு ஏதோவொரு வடிவில் இன்றும் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துச் சீட்டை மறுபடி பாருங்கள். கப்பல்கள் வருகின்றனவா, போகின்றனவா? சித்திரம் சொல்லவில்லை. வெயிட்டின் பலன் இலாபம் என்கிறது. அவை போய்க்கொண்டிருப்பதாகவும் அவன் கோல் ஊன்றி நிற்பது கரையிலேயே தங்க வேண்டி வந்ததால் என்றும் நான் படிக்கிறேன். அந்த இலைகள்கூட இப்போது எனக்கு உறுத்தவில்லை. ஊன்றிய கோல் வேர்விடும் அளவுக்கு அவன் நின்றிருக்கிறான்.

இப்படியொரு வாசிப்பை எங்கள் கவிஞர் எவராவது எழுதியிருந்தால் டாரட் என்ற சொல்லைக் கண்டு நான் முகஞ்சுளித்திருக்க மாட்டேன். பலன் சொல்லும் புத்தகங்கள் மலிந்துவிட்டன. இப்னு பதூதாவோடு சேர்த்து இச்சீட்டைப் படித்த கவிதையொன்று என் கண்ணில் படவில்லை.

பமீலா ஸ்மித் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவயதின் சில ஆண்டுகளை ஜமேக்காவில் கழித்தவர். அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தவர். முழுக்கட்டின் 78 சித்திரங்களையும் சொற்பக் கூலிக்கு வரைந்தார். கட்டோ நீண்டகாலம் 'ரைடர் வெயிட்' என்றே அழைக்கப்பட்டது. 1951இல் கடன்பட்ட நிலையில் காலமானார். அவரது பெயரின் முதலெழுத்துகள் பின்னிய சிறு முத்திரை மட்டும் சீட்டின் ஓரத்தில் இருக்கிறது. கப்பல்களைப் பார்த்த கண் அதைக் காண்பது கொஞ்சம் சிரமம்.